பயத்துக்கு ஒரு பிடி அரிசி

நம் பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தினமும் விடிந்ததும் ஒரு படம் வந்து விழுகிறது. ஒரு ரோஜாப்பூ, பக்கத்தில் ஆவி பறக்கும் தேத்தண்ணிக் கோப்பை, கீழே 'கெட்டதை நினைக்காதே, நல்லதே நடக்கும்' என்று ஒரு வரி. அனுப்புகிறவள் யாரென்று சொல்லி அவள் மானத்தை வாங்க மாட்டேன். கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் அழிறப்பரைத் தூக்கிக்கொண்டு போனவள், அவளுக்கே தெரியும். நீங்கள் எல்லோரும் உடனே கைகூப்பிய படத்தைப் போடுகிறீர்கள். நான் மட்டும் பேசாமல் இருக்கிறேன். போன வாரம் அவள் கூப்பிட்டே கேட்டுவிட்டாள்: "ஏன்டி, நீ வேதக்காரிதானே? நல்ல நெனப்பு நெனைக்கச் சொன்னா ஒனக்கு ஏன் கசக்குது?"

கசக்கத்தான் செய்கிறது. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நம்மில் பாதிக்கு மேல் சாமி கும்பிடுகிறவர்கள். பஜார்க் கடைக்காரர் வீட்டு முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். வேதக்காரர் வீட்டுக்குள் நடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு சும்மா இருக்கிற நேரத்தில் படியுங்கள்.

நான் உங்கள் வகுப்பில் பிறகு வந்து சேர்ந்தவள், நினைவிருக்கிறதா? ஒரு தை மாதம் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். எண்ணெய் வழிய வாரிய தலை, யாருடனும் பேச்சில்லை. ஏன் வந்தாய், எங்கிருந்து வந்தாய் என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. டீச்சர் கேட்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததாகப் பின்னால் தெரிந்தது. அதற்கு முந்திய மழைக்காலத்தைப் பற்றித்தான் இப்போது சொல்கிறேன்.

லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி நின்ற காம்பராக்கள், ஒரு குடும்பத்துக்கு ஒன்று. வரிசையின் கடைசியில் இருப்பதைத் தொங்கல் காம்பரா என்போம். அது எங்களுடையது. மலையை வெட்டிச் செங்குத்தாக்கி, அதன் காலடியில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய லயம் அது. பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் இடையில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம். அந்தச் சந்தில் உட்கார்ந்துதான் அம்மா சட்டி கழுவுவாள். கையை நீட்டினால் மலை. அதற்கு மேலே தேயிலை, தேயிலைக்கு மேலே சவுக்கு மரங்கள், அதற்கும் மேலே எப்போதும் மூட்டம்.

அப்பாவுக்கு ஃபெக்டரியில் வேலை. அதோடு எங்கள் ஜெபவீட்டுக்குக் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பெருக்குவது, பாய் விரிப்பது, விளக்கேற்றுவது எல்லாம் கோயில்பிள்ளையின் பொறுப்பு. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. அப்பா அந்த மரியாதையின்மேல் உயிரையே வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மணிக்கயிற்றைப் பிடிக்கும்போது அவருடைய நெஞ்சு சற்று முன்னால் வந்து நிற்கும்.

அம்மா மேல் லயத்துப் பெண். மாமா வீட்டில் முனியாண்டிக்குக் கிடாய் வெட்டுவார்கள். அப்பாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்து எங்கள் பக்கம் வந்தவள். வந்து நான் பிறந்து, தம்பி பிறந்து, அவன் ஓடியாடவும் தொடங்கிவிட்டான். ஜெபவீட்டுப் பெண்களுக்கு அவள் இன்னமும் "புதுசா வந்தவங்க". பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாளா என்று எட்டிப் பார்ப்பார்கள். அவள் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் நேராகத்தான் பிடித்திருப்பாள்.

இனி அரிசிக்கு வருகிறேன். வேதக்காரர் வீடுகளில் பிடியரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து ஒரு டின்னில் தனியே போட்டு வைப்பது. ஞாயிற்றுக்கிழமை அதை ஜெபவீட்டுக்குக் கொண்டுபோய் முன்னால் இருக்கிற சாக்கில் கொட்டுவோம். இல்லாதவர்களுக்கும் பண்டிகைச் சாப்பாட்டுக்கும் அது போகும். எங்களுடையது பழைய பால்மா டின். மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. அதன் வயிற்றில் அப்பா நீலக் காகிதத்தில் சிலுவை வெட்டி ஒட்டியிருந்தார். அடுப்புப் புகையில் அந்த நீலம் கறுத்து, கிட்டப் போய்ப் பார்த்தால்தான் சிலுவை என்று தெரியும்.

எங்கள் உபதேசியார் ஒல்லியான மனிதர். மனைவியைப் புதைத்துவிட்டு ஜெபவீட்டை ஒட்டிய அறையில் தனியே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக் கண்டால் கோட்டுப் பையிலிருந்து எள்ளுருண்டை எடுத்துக் கொடுப்பார். அதில் மூக்குப்பொடி வாசம் அடிக்கும். கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் உங்களுக்குக் கோபம் வரும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய மழை தொடங்கிய நேரம். ஒரு ஞாயிறு அவர் பிரசங்கத்தில் கேட்டார்: "நம்ம வாழ்க்க எங்க ஆரம்பிக்குது, சொல்லுங்க பாப்போம்? பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துலயா? இல்ல. கண்ணு முழிச்சதும் மொதல்ல ஒரு நெனப்பு வருதே, அங்க ஆரம்பிக்குது. நெனப்பு கோணலா இருந்தா அன்னைக்கி நாளு கோணல். நாளெல்லாம் கோணலா இருந்தா மனுசனே கோணல்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். அவர் ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தார். "இந்தப் பண்டிகைக்குப் புதுசா ஒன்னு செய்வோம். கோவம், பொறாம, பயம், எந்தக் கெட்ட நெனப்பு வந்தாலும் அந்த நேரமே ஒரு புடி அரிசிய டின்னுல போட்டுட்டு, அந்த நெனப்ப அதோட விட்டுருங்க. வாரம் போகப் போக டின்னு கொறையணும். கிறிஸ்துமஸுக்குக் காலி டின்னோட வந்து நிக்கணும்."

"பயமும் கெட்ட நெனப்பாங்க ஐயா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"பயந்தாங்க பெரிய அவிசுவாசம். அப்பன் கையப் புடிச்சிருக்கிற புள்ள பயப்படுமா?"

முதல் வாரம் எங்களுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் சிவப்பு ரிப்பனைப் பார்த்து வயிறெரிந்து நான் ஒரு பிடி போட்டேன். தம்பி, அரிசி போடுவதற்காகவே என்னைக் கிள்ளினான். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போகிற பஜனையில் பாட்டு எடுத்துக் கொடுக்கிற அண்ணன் முதல் வாரமே காலி டின்னோடு வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். கெட்ட நினைப்பு இல்லாமல் அல்ல. சனிக்கிழமை குடித்துவிட்டு வந்ததில் வீட்டில் அரிசியே இல்லை என்று அவருடைய சம்சாரமே பெண்கள் பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள். உபதேசியாருடைய சொந்த டின் பாதிக்கு மேல் இருந்தது. அதை மட்டும் யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் டின் வாயோரம் வரை இருந்தது.

மழை விடவில்லை. நம் மழை உங்களுக்குத் தெரியும், சொல்ல வேண்டியதில்லை. கம்பளியின் ஈர வாடை, பச்சை விறகுப் புகை, காயாத துணி. ஆனால் அந்த வருடம் வேறு சில சில்லறை விஷயங்களும் சேர்ந்தன. எங்கள் வீட்டுக் கதவு நிலையில் உரசத் தொடங்கியது. மழைக்கு மரம் ஊறிவிட்டது என்று அப்பா இழைப்புளியால் சீவினார். சில நாளில் மறுபடியும் உரசியது. குடிதண்ணீர் பிடிக்கிற பீலியில் ஒரு காலை பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வந்தது. மேலே யாரோ மாடு குளிப்பாட்டுகிறார்கள் என்று லயமே திட்டியது. பின்சுவரில், அடுப்புக்கு மேலே, மயிரிழை போல ஒரு கோடு விழுந்தது. சூட்டுக்கு வெடிப்பது என்றார்கள்.

எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்தார்கள். எதற்கும் ஒரு காரணம் சொன்னார்கள். அம்மாவுக்கு மட்டும் காரணம் சொல்லத் தெரியவில்லை, பயப்படத்தான் தெரிந்தது. சந்தில் சட்டி கழுவிக்கொண்டிருப்பவள் திடீரென்று கையை நிறுத்தி மண்ணைப் பார்ப்பாள். உள்ளே வருவாள். அரிசிப் பானையில் கை போகும், டின்னில் சலசலவென்று விழும். சொன்ன சொல்லுக்கு அவ்வளவு உண்மை. புதிதாக வந்தவள் அல்லவா, மற்றவர்களைப் போல ஏமாற்றப் பழகவில்லை. எங்கள் சோற்றுப் பானையில் தண்ணீர் கூடிக்கொண்டே போனது. ராத்திரிச் சாப்பாட்டைக் கரண்டியால் அல்ல, கோப்பையால் பரிமாறும் நிலைக்கு வந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். ஒரு சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்து, அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துக் கீழிருந்து மேலாகத் தடவினார். விரல் நகம் அதற்குள் போனது. சுற்றுமுற்றும் பார்த்தார். நான் மூலையில் படுத்திருந்தேன், தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார். அரிசிப் பானையைத் திறந்து ஒரு பிடி எடுத்து, சத்தம் வராமல் டின்னுக்குள் கையை விட்டு வைத்தார். அப்புறம் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே முகம் கழுவப் போனார். அந்த வயதில் அது எனக்கு ஒன்றுமாகப் படவில்லை. அந்த டின்னில் இருந்த பயம் முழுவதும் அம்மாவுடையது இல்லை என்பது பல வருடங்கள் கழித்துத்தான் உறைத்தது.

ஜெபவீட்டில் அது முழுக்க அம்மாவுடையதாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் டின்னைச் சாக்கில் கவிழ்க்கும்போது அரிசி விழுந்துகொண்டே இருக்கும். சத்தம் நிற்கும் வரை பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். முதல் வாரம் தாராள மனசு என்றார்கள். இரண்டாம் வாரம், இவளுக்குள் இவ்வளவு என்ன ஓடுகிறது என்றார்கள். அதற்கடுத்த வாரம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அப்பா மணிக்கயிற்றின் பக்கத்தில் தரையைப் பார்த்து நின்றார். என்னோடதும் அதுல இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்மேல் எனக்கிருந்த பாசம் இன்றும் குறையவில்லை, ஆனால் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கும்.

அந்த வாரமே உபதேசியார் வீட்டுக்கு வந்தார். அம்மா பால் விடாத சாயத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் கொடுத்தாள். அவர் குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, ஒங்க டின்னப் பாத்து எனக்கு மனசு சரியில்ல. உள்ளுக்குள்ள என்னா பாரம்?"

அம்மா முந்தானை நுனியைத் திருகினாள். "பயமா இருக்குங்க ஐயா."

"எதப் பாத்து?"

"மலையப் பாத்துங்க."

அப்பா இருமினார். உபதேசியார் குரலை இன்னும் தாழ்த்தினார். "மலையில என்னாம்மா இருக்கு?"

"என்னா இருக்குன்னு சொல்லத் தெரியலைங்க. பொறத்தால நிக்கிறப்ப அது மூச்சு விடுற மாதிரி இருக்கு."

அந்த ஒரு பேச்சோடு காரியம் கெட்டது. உபதேசியாரும் அப்பாவும் பார்த்துக்கொண்ட பார்வை எனக்கு இன்றும் தெரிகிறது. மேல் லயத்துப் பெண், முனியாண்டி வீட்டுப் பெண்.

"முனி, கினின்னு பழைய நெனப்பு வருதாம்மா? மறைக்காமச் சொல்லுங்க."

"ஐயோ, இல்லீங்க ஐயா. மண்ணுங்க. மண்ணப் பாத்துத்தான்."

மண் என்று அவள் சொன்னது அந்த அறையில் இருந்த என் காதில் தெளிவாக விழுந்தது. அவர்கள் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் முனி என்ற சொல் அதற்குள் அவர்கள் மனதில் பாய் விரித்துப் படுத்துவிட்டது. உபதேசியார் எழுந்து நின்று அம்மாவின் தலைமேல் கை வைத்து நீளமாக ஜெபித்தார். கடைசியில் வழியும் சொன்னார்: "பயம் வந்தா அந்தப் பக்கம் பாக்காதீங்க. பொறத்தால போகாதீங்க. சட்டிய இஸ்தோப்புலயே வச்சுக் கழுவுங்க. சத்தமாப் பாட்டுப் பாடுங்க. பாக்காம இருந்தா நெனப்பு தானா செத்துரும்."

அம்மா அப்படியே செய்தாள். முன்பக்கத் தாழ்வாரத்தில், மழைச்சாரல் அடிக்க அடிக்கச் சட்டி கழுவினாள். கேட்டவர்கள் மெச்சும்படி பாடினாள். அடுத்த ஞாயிறு எங்கள் டின்னில் அடி தெரிந்தது. அதற்கடுத்த ஞாயிறு தட்டினாலும் ஒரு மணி விழவில்லை. உபதேசியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இந்தக் காலி டின்னு ஒரு சாட்சிங்க. ஒரு மனுசி நெனப்ப மாத்துனா வாழ்க்கையே மாறுதுன்னு நம்ம கண்ணு முன்னாலயே பாக்குறோம்." பெண்கள் பக்கத்தில் அம்மாவுக்கு நடுவில் இடம் விட்டார்கள். அப்பாவின் நெஞ்சு மறுபடி முன்னால் வந்தது.

எனக்கு மட்டும் ஒன்று விளங்கவில்லை. டின்னில் விழாத அரிசி பானைக்குத்தானே வர வேண்டும்? வரவில்லை. கஞ்சி அதே கஞ்சிதான். பசிக்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கேட்டால் முதுகில் விழும் என்றும் தெரியும், அதனால் கேட்கவில்லை. அம்மா அடிக்கடி வேலை விட்டதும் மடியில் எதையோ முடிந்துகொண்டு மேல் லயத்துக்கு ஏறிப் போனாள். மாமா வீட்டு லயம் பாறைமேல் கட்டியது, எங்கள் மலைக்குப் பக்கத்து முகட்டில். "அண்ணிக்கு மேலுக்குச் சுகமில்ல, ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்" என்பாள். அத்தை திடமாகத்தான் இருந்தாள். பாவம், அவளை எத்தனை தடவை வியாதிக்காரியாக்கினாள் என் அம்மா!

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான், நீங்கள் பொங்கலுக்கு அடிப்பதைப் போல. அப்பா சிமெந்துக் குழம்பை வெடிப்பில் அப்பி, நீலம் கலந்த சுண்ணாம்பை மேலே பூசினார். வீடே குளிர்ந்து பளிச்சென்று ஆனது. ஈரச் சுண்ணாம்பின் வாசனை எனக்குப் பண்டிகை வாசனை. புதுச் சட்டை, கேக், பஜனை எல்லாம் அதற்குப் பின்னால் வரும். ஆனால் சுவர் காய்ந்ததும் அந்தக் கோடு திரும்பவும் வந்தது. முன்பு கரிச்சுவரில் தேடினால்தான் தெரியும். இப்போது வெள்ளையில் பென்சிலால் இழுத்தது போல வாசலில் நின்றாலே தெரிந்தது. அப்பா மறுபடி பூசினார். அது மறுபடி வந்தது, இந்த முறை ஒரு கிளையோடு. அம்மா அந்தப் பக்கம் முகம் திருப்பாமல் பாடிக்கொண்டே ரொட்டி சுட்டாள். அவள் குரல் நடுங்காமல் இருந்தது எனக்கு அழுகையை வரவழைத்தது. ஏனென்று தெரியாமல் அழுதேன், புகை என்றார்கள்.

பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை மழை விட்டது. அத்தனை நாளைக்குப் பிறகு வெயில். லயத்து வாசலெல்லாம் கம்பளியும் பாயும் காய்ந்தன. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. சாயங்காலம் பஜனை தொடங்குவதாக இருந்தது. பாட்டுக்காரர்கள் முதலில் வருவது கோயில்பிள்ளை வீட்டுக்குத்தான், அது வழக்கம். அப்பா மதியத்தோடு வேலையிலிருந்து வந்து, மூன்றாம் தடவையாகச் சுண்ணாம்பு வாளியை எடுத்தார்.

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். எனக்குப் பண்டிகைச் சட்டையைப் போட்டுவிட்டிருந்தாள்.

"என்னாங்க, அண்ணன் வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோம். நாலு பேருமா."

"இன்னைக்கா? பஜனைக்கிச் சனம் வருது புள்ள."

"சனம் வரட்டும். அவங்க வாறதுக்குள்ள வந்துருவோம்."

"செவரப் பாரு, இப்பத்தான் அடிச்சிக்கிட்டு இருக்கேன். மொத மொத நம்ம வீட்டுக்குத்தான் வருவாங்க. வீட்டப் போட்டுட்டுப் போனா என்னா நெனைப்பாங்க?"

அம்மா தம்பியை இடுப்பில் மாற்றி வைத்தாள். "நான் இத்தன நாளா ஒங்கள ஒன்னும் கேக்கலை. இன்னைக்கி வாங்க. ஒத்தையில இங்க நிக்காதீங்க."

அப்பா பிரஷ்ஷை வாளியில் வைத்தார். சுவரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். நெற்றியில் ஒரு சுண்ணாம்புத் துளி இருந்தது.

"நீ புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போ. ராத்திரிக்கி அங்கயே இருந்தாலும் பரவால்ல. நான் இத முடிச்சிட்டு வாரேன்."

ராத்திரிக்கு அங்கேயே இருங்கள் என்று அவர் அதற்கு முன் ஒருநாளும் சொன்னதில்லை. முனியாண்டி வீட்டில் எங்களைப் படுக்க விடவே மாட்டார். எங்களைப் போகச் சொன்னார் என்பதை நான் இத்தனை வருடமாகக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கும் தெரிந்திருந்தது. எங்களுக்காகப் பயப்பட அவருக்கு முடிந்தது. தனக்காகப் பயப்படத்தான் வெட்கமாக இருந்தது.

மாமா வீட்டில் அத்தை எங்களுக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தாள். அம்மா உட்காரவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். "புள்ளைங்களப் பாத்துக்கங்க அண்ணி, நான் போய் அவர இழுத்துக்கிட்டு வாரேன்" என்று கிளம்பினாள். நான் முற்றத்தில் நின்று அவள் இறங்கிப் போவதைப் பார்த்தேன். தேயிலைக்கு நடுவில் அவள் தலை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. ஃபெக்டரியில் கொழுந்துச் சாக்குகளை இழுத்துக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் நேரம் நீண்டது. சவுக்கு மரங்கள் நின்ற வாக்கிலேயே இறங்கி வந்தன, யாரோ அவற்றைத் தட்டில் வைத்துக் கொண்டுபோவது போல. அதற்குப் பிறகு நாய் குரைக்கவில்லை, குழந்தை அழவில்லை. புதிதாக உழுத தோட்டத்தின் மண் வாசனை மட்டும் காற்றில் ஏறி எங்கள் முற்றம் வரை வந்தது. கீழே பாதி வழியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.

எங்கள் தொங்கல் காம்பராவும் அதை ஒட்டிய இரண்டும் போயின. அந்த இரண்டிலும் இருந்தவர்கள் வெயிலுக்கு விறகு பொறுக்கப் போயிருந்ததால் தப்பினார்கள். அப்பாவை அன்று பொழுது சாயுமுன் எடுத்தார்கள். ஜெபவீட்டு ஆண்களும் மேல் லயத்து ஆண்களும் சேர்ந்துதான் தோண்டினார்கள். வலது கையில் சுண்ணாம்பு காயாமல் இருந்தது. மணி அடிக்க ஆளில்லாமல் உபதேசியாரே அடித்தார், அடிக்கத் தெரியாமல் அடித்தார்.

இதைப் படித்துவிட்டுக் கர்த்தர் ஏன் இப்படிச் செய்தார் என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டு நானே ஓய்ந்துவிட்டேன். நான் விசுவாசத்தை விட்டவள் இல்லை. இன்றும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன். நினைப்புத்தான் வாழ்க்கையை உண்டாக்குகிறது என்று உபதேசியார் சொன்னதையும் நான் மறுக்கவில்லை. எந்த நினைப்பு கோணல், எந்த நினைப்பு நேர் என்று பிரிக்கிற இடத்தில்தான் அவர் தவறினார். என் அம்மாவின் பயத்தில் கர்த்தர் பேசினாரா என்று எனக்குத் தெரியாது. வேறு யார் மூலமாகவும் அவர் அந்த லயத்தோடு பேசவில்லை என்பது மட்டும் தெரியும். ஒரு பிள்ளை வந்து "டீச்சர், பயமா இருக்கு" என்றால் நான் முதலில் ஜெபிப்பதில்லை. "எதப் பாத்து?" என்று கேட்டு, அதன் கையைப் பிடித்துக்கொண்டு போய் அந்த இடத்தைப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு வந்துதான் ஜெபம். உன் ரோஜாப்பூவுக்கு என்னால் கைகூப்ப முடியாமல் போவது இதனால்தான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் மாமா வீட்டுக்குத்தான் வந்தார்கள். எங்கள் லயத்தில் மிச்சக் காம்பராக்களையும் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளும் மூட்டைகளுமாக மேல் லயத்து முற்றம் நிறைந்தது. அத்தனை பேருக்கும் மாமாவால் எங்கே சோறு போட முடியும்? கடையில் அவருக்கு இருந்த கடன் எனக்கே தெரியும். ஆனால் அத்தை உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய தகரப் பெட்டியை இழுத்தாள். திறந்ததும் அரிசி. பெரிய அண்டாவில் உலை கொதித்தது. அவ்வளவு நாளும் கஞ்சி குடித்த தம்பி, சோற்றைக் கண்டதும் அப்பாவை மறந்து சிரித்தான்.

உபதேசியார் இஸ்தோப்பின் ஓரத்தில் குடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டைக் கொடுத்தவர்களிடம் எல்லாம் வேண்டாம் என்று தலையசைத்தார். கடைசியில் அம்மாவே தட்டோடு வந்து அவர் முன்னால் நின்றாள். பொட்டில்லாத நெற்றி அவளுக்குப் பழகியதுதான், வேதக்காரி அல்லவா. ஆனாலும் அந்த முகம் எனக்குப் புதிதாக இருந்தது.

அவர் தட்டைப் பார்த்தார், முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். "இம்புட்டுச் சனத்துக்கு ஒங்க அண்ணனுக்கு அரிசி ஏதும்மா?" என்றார்.

"அண்ணனுது இல்லைங்க. என்னுது."

அவருக்கு விளங்கவில்லை.

"பயம் போகலைங்க ஐயா. டின்னுல போட்டா எல்லாரும் பாக்குறாங்கன்னு, பயம் வந்தப்பல்லாம் ஒரு புடி எடுத்து மடியில முடிஞ்சிக்கிட்டு வந்து இங்க வச்சேன். நாங்க வந்து தங்குனா அண்ணனுக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு. நாலு பேருக்குன்னு சேத்ததுங்க."

உபதேசியார் கட்டிக்கொண்டிருந்த குடையை எடுத்துக் கீழே வைத்தார். அம்மா குனிந்து தட்டை அவர் மடியில் வைத்தாள்.

"அவரு பங்கும் இதுல இருக்கு. சாப்புடுங்க ஐயா."

அவர் சாப்பிட்டார்.